"பொண்ணு ரைடிங் கோச் ஆகணும்ங்கறா, மனச மாத்துங்க"ன்னு எழுதின அம்மாவுக்கு

ஒரு அம்மா ரொம்ப நீளமா எழுதியிருந்தாங்க. பொண்ணுக்கு 17 வயசு, சின்ன வயசுலேர்ந்தே குதிரை சவாரி கத்துக்கறா, மார்க்குக்கும் குறைச்சல் இல்ல, இப்போ வந்து எனக்கு என்ஜினியரிங் வேணாம் நான் ரைடிங் கோச் ஆகப்போறேன்னு சொல்லிட்டாளாம். அப்பா அன்னியிலேர்ந்து முகம் குடுத்துப் பேசறதில்ல, பெரியப்பா "லாயத்துல லத்தி அள்ளவா இவ்ளோ படிக்க வெச்சோம்"னு கேட்டுட்டுப் போயிட்டார், மாமா ஒரு படி மேல போய் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்கு ஆளே புடிச்சு வெச்சிருக்கார். "நீங்க சொன்னா கேப்பா, பக்குவமா பேசி மனச மாத்துங்க"ன்னு முடிச்சிருக்காங்க.

அம்மா, உங்க பயம் புரியுது. ஆனா அவ மனச நான் மாத்தப் போறதில்ல, முடிஞ்சா உங்க மனசதான் மாத்தப் பாக்கறேன்.

மொதல்ல அந்த சீட்டு. உங்க லெட்டரை ரெண்டு தடவ படிச்சேன், உங்க பொண்ணுக்கு கோடிங் புடிக்கும்னு எங்கயும் இல்ல, கணக்கு புடிக்கும்னு கூட இல்ல, பெரியப்பா பையன் படிச்சான் அதனால இவளும் படிக்கலாம்ங்கறது மட்டும்தான் இருக்கு. நாலு வருஷ ஃபீஸைக் கட்டி சொந்தக்காரங்க வாயை அடைக்கப் பாக்கறீங்க, அது அடையாதும்மா, படிச்சு முடிச்ச அன்னிக்கே எங்க வேலை எவ்ளோ சம்பளம்னு அடுத்தது ஆரம்பிக்கும். புடிச்சுப் படிக்கறவங்களே அந்தத் துறையில வருஷா வருஷம் புதுசா கத்துக்கிட்டாதான் தாக்குப்பிடிக்க முடியுது, வேண்டா வெறுப்பா போறவ எப்படி நிப்பா? பெரியப்பா சொன்னதுல ஒண்ணு மட்டும் நிஜம், லத்தி அள்ளணும். அதைத் தாண்டாம யாரும் நல்ல கோச் ஆனதில்ல.

குதிரைன்னதும் எல்லாரும் சொல்ற ஜாக்கி, கால்நடை டாக்டர், போட்டி ரைடர் இதையெல்லாம் நான் இங்க தொடப்போறதில்ல, அவ கேட்டதும் அது இல்ல.

நீங்க புகாரா எழுதின ஒரு வரிதான் என்னைப் பிடிச்சு நிறுத்திச்சு. "கிளாஸ் முடிஞ்சாலும் வீட்டுக்கு வரமாட்டா, புதுசா சேந்த சின்னப் பசங்களுக்கு ஹெல்மெட் பட்டை மாட்டி விட்டுக்கிட்டு, பயந்து அழற பிள்ளைகிட்ட உக்காந்து பேசிக்கிட்டு நிக்கறா, அவளுக்கு யாரு சம்பளம் தராங்க?"ன்னு கேட்டிருக்கீங்க. குதிரையை நேசிக்கற பிள்ளைங்க எக்கச்சக்கம். தான் இறங்கினதுக்கு அப்புறம் அடுத்த பிள்ளை எப்படி ஏறுதுன்னு நின்னு பாக்கற பிள்ளை கம்மி, உங்க வீட்டுல அப்படி ஒண்ணு இருக்கு. குதிரை புடிக்கும்ங்கறது மட்டும் காரணம்னா நானே வேணாம்னு சொல்லியிருப்பேன், ஏன்னா கோச் ஆனதும் நீங்க குதிரை மேல இருக்கற நேரம் குறையும், தரையில நிக்கற நேரம்தான் ஜாஸ்தி. ஓசியில சவாரி கிடைக்கும்னு இதுக்குள்ள வந்தவங்க சீக்கிரமே கசந்து போறாங்க.

இது என்ன வேலைன்னு உங்க வீட்டுல யாருக்கும் தெரியலைன்னு நெனைக்கறேன், அதனால ஒரு சாதாரண ஆரம்ப கிளாஸை மட்டும் எடுத்துக்கறேன். பிள்ளை ஏறறதுக்கு முன்னாடியே கோச் சேணத்தோட வயித்துப் பட்டையைப் பாக்கணும், சில குதிரைங்க பட்டையை இறுக்கும்போது வயித்தை உப்பிக்கும், கொஞ்சம் நடந்ததும் பட்டை தொளதொளன்னு ஆயிடும், அப்போ சேணம் சரிஞ்சா பிள்ளை கீழ. அதனால ஏறினப்புறம் இன்னொரு தடவ இறுக்கிப் பாக்கணும். காலை வெக்கற வளையம், அதான் ஸ்டிரப், அதோட நீளத்தை கையை நீட்டி அக்குள் வரைக்கும் வெச்சு அளந்துக்கணும். அப்புறம் ட்ராட். ட்ராட்ங்கறது நடையைவிட வேகமான துள்ளு ஓட்டம், ரெண்டு தாளம், மூலைக்கு மூலை கால் ஜோடியா போகும், புதுசா வந்த பிள்ளை அதுல மூட்டை மாதிரி குதிக்கும். சுமாரான கோச் "ஹீலைக் கீழ இறக்கு, ஹீலைக் கீழ இறக்கு"ன்னு கத்திக்கிட்டே இருப்பார். நல்ல கோச் பாத்ததும் கண்டுபிடிச்சிடுவார், பயத்துல பிள்ளை முட்டியால இறுக்கிப் புடிக்குது, அந்த இறுக்கம்தான் அதை மேல தூக்கி விடுது, ஹீல்ல ஒண்ணும் இல்லைன்னு. உடனே கிளாஸை மெதுவான நடைக்குக் கொண்டுவந்து, குதிரையை ஒரு நீளக் கயித்துல தன் கையில புடிச்சு வட்டமா நடக்க விட்டு, கடிவாளத்தைப் பிள்ளை கையிலேர்ந்து வாங்கிட்டு, கையை விரிச்சு மூச்சை விடச் சொல்வார். தொடை தானா தளரும். அது பழகினப்புறம் எழுந்து உக்கார்ற ட்ராட்டுக்கு வந்து, குதிரையோட வெளிப்பக்கத் தோள் முன்னால போகும்போது எழுந்திரு, திரும்ப வரும்போது உக்காருன்னு சொல்லிக்குடுப்பார்.

இதே நேரத்துல குதிரையையும் பாக்கணும். சுமார் 500 கிலோ உடம்பு, காட்டுல வேட்டையாடப்பட்ட ஜாதி, மிரண்டா மொதல்ல ஓடத்தான் பாக்கும். நேர் பின்னாடியும் நெத்திக்கு முன்னாடி கொஞ்ச தூரமும் அதுக்குக் கண்ணு தெரியாது. காது பின்னாடி ஒட்டிக்கிச்சா, வாலைச் சுழட்டி அடிக்குதா, முன்னால போற குதிரைக்கு ரொம்ப கிட்ட போகுதா, ஒரு குதிரை நீளமாவது இடைவெளி இருக்கா? அரீனாவுல, அதாவது சவாரி மைதானத்துல, ஆறு பிள்ளைங்கன்னா பன்னெண்டு உடம்பை ஒரே நேரத்துல படிக்கற வேலை இது. படிப்பு வேணாம்னு ஓடற பொண்ணுன்னு அவளைச் சொல்லாதீங்க தயவுசெஞ்சு.

இப்போ சர்டிபிகேட். உலகம் முழுக்கச் செல்லுபடியாகற ஒரே பேப்பர்னு எதுவும் இல்ல. சர்வதேசக் குதிரையேற்றப் போட்டிகளை நடத்தற அமைப்பு எஃப்இஐ, 1921-ல ஆரம்பிச்சது, அதுக்கு ஒவ்வொரு நாட்டுலயும் ஒரு தேசிய ஃபெடரேஷன் உண்டு, கோச் படிப்பைப் பெரும்பாலும் அவங்கதான் பாத்துக்கறாங்க. அதைத் தவிர பேர் போனது பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி, 1947-லேர்ந்து இருக்கு. அவங்க வழி ஸ்டேஜ் ஸ்டேஜா போகும். ஸ்டேஜ் 1-ல சொல்லிக்குடுக்கற பேச்சே கிடையாது, குதிரையைப் பராமரிக்கத் தெரியுமா, ஒழுங்கா ஏறி ஓட்டத் தெரியுமா, அவ்ளோதான். ஸ்டேஜ் 2-ல கோச்சிங் உள்ள வருது, 3-ல தனியா நின்னு வேலை பாக்கற கோச், 4-ல சீனியர் கோச், 5-ல பெர்ஃபார்மன்ஸ் கோச், அதுக்கும் மேல ஃபெல்லோன்னு ஒரு பட்டம், அதுக்குப் போறவங்க ரொம்ப கொஞ்சம். அமெரிக்காவுல 1967-ல ஆரம்பிச்ச சர்டிஃபைடு ஹார்ஸ்மன்ஷிப் அசோசியேஷன் வேற மாதிரி செய்யறாங்க, பல நாள் கிளினிக், நீங்க கிளாஸ் எடுக்க எடுக்க பரீட்சகர் பாத்து எந்த லெவல் குடுக்கலாம்னு முடிவு பண்ணுவார், உங்களுக்கு ஸ்டூடன்ட்டா நிக்கறது உங்க கூட வந்த மத்த ஆளுங்கதான். ஒரு நாட்டு தகுதியை இன்னொரு நாட்டுக்காரங்க புரிஞ்சுக்கறதுக்கு இன்டர்நேஷனல் குரூப் ஃபார் ஈக்வெஸ்ட்ரியன் குவாலிஃபிகேஷன்ஸ்னு ஒரு அமைப்பு இருக்கு, அதுல சேந்த நாடுகளோட கோச்சுகளுக்குப் பாஸ்போர்ட் மாதிரி ஒண்ணு தராங்க.

"சர்டிபிகேட் இல்லாமலே நிறைய பேர் சொல்லிக்குடுக்கறாங்களே"ன்னு மாமா கேப்பார். கேக்கட்டும், நியாயமான கேள்விதான். பிரான்ஸ்ல காசு வாங்கி சொல்லிக்குடுக்கணும்னா அரசு அங்கீகாரம் இருக்கற டிப்ளமா கட்டாயம், அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல லைசன்ஸ் வேணும், மத்த பெரும்பாலான மாநிலங்கள்ல வேணாம். ஆக சட்டம் இடத்துக்கு இடம் மாறும். ஆனா சட்டம் கேக்காட்டியும் இன்ஷூரன்ஸ் கம்பெனி கேக்கும், தன் பிள்ளையை அந்தக் குதிரை மேல ஏத்தி விடற இன்னொரு அம்மா கேப்பாங்க. அதைவிட முக்கியமா, நல்லா ஓட்டறவங்களுக்குத் தான் எப்படி ஓட்டறோம்னு வாயால சொல்ல வராது, ஒடம்பு செய்யறதை வார்த்தையாக்க அந்தப் பரீட்சைதான் கட்டாயப்படுத்தும்.

பரீட்சையில பெரிய பங்கு குதிரை உடம்பைப் பத்தினது. சும்மா நிக்கற பெரிய குதிரைக்கு நாடி நிமிஷத்துக்கு 28-லேர்ந்து 44, உடம்புச் சூடு 37.5-லேர்ந்து 38.5 டிகிரி, இது தூக்கத்துல கேட்டாலும் வரணும். தரையைக் காலால கீறுது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பாக்குது, படுத்து உருளுது, லத்தி போடல. இது கோலிக், வயித்து வலி, குதிரையால வாந்தி எடுக்க முடியாதுங்கறதால சாதாரணமாத் தெரியற வலி கூட சில மணி நேரத்துல உயிருக்கு ஆபத்தாயிடலாம், டாக்டரை உடனே கூப்பிடணும். பெரியப்பா கேலி பண்ண லத்தி இருக்கே, காலையில எவ்ளோ விழுந்திருக்கு எப்படி விழுந்திருக்குன்னு பாத்துத்தான் நோயோட முதல் சேதியே தெரிய வரும்.

கோச்சுங்க ஏன் இதுல நிக்கறாங்கன்னு கேட்டிருந்தீங்க, காசு இல்லைன்னா வேற என்னன்னு. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன்னு ரெண்டு மனோதத்துவ பேராசிரியர்கள் மனுஷனை ஒரு வேலையில நிக்க வெக்கறது மூணுன்னு சொன்னாங்க, தானே முடிவெடுக்கற சுதந்திரம், கை தேர்ந்துக்கிட்டே வர்ற உணர்வு, மத்தவங்களோட ஒட்டுதல். இந்த வேலையில மூணும் தினம் கிடைக்குது. ஆனா நான் பேசின கோச்சுங்க இந்த பாஷையில பேசமாட்டாங்க. ஒருத்தங்க சொன்னாங்க, "எனக்கு பிள்ளைங்க கத்துக்கற ஸ்கூல் குதிரைங்கதான் காரணம், ஒரு பிள்ளைக்குக் கையை அமைதியா வெச்சுக்கச் சொல்லிக்குடுத்தா ஒரு குதிரை வாய்க்கு வலி குறையுது". இன்னொருத்தர் முதுகு அடிபட்டு போட்டியை விட்டவர், அரீனாவை விட்டுப் போக மனசு வரலைன்னு தங்கினவர், இப்போ தான் ஜெயிச்சதைவிட ஸ்டூடன்ட் முதல் தடவ கேன்டர், அதாவது ட்ராட்டைவிட வேகமான ஓட்டம், போனதைத்தான் நீட்டி முழக்கி சொல்றார்.

இதுக்குள்ளயே இன்னொரு கதவு இருக்கு, உங்க பொண்ணு அழற பிள்ளைகிட்ட உக்கார்றவங்கறதால அதை சொல்லியே ஆகணும். டென்மார்க்கோட லிஸ் ஹார்ட்டல், போலியோவால முட்டிக்குக் கீழ செயலிழந்தவங்க, குதிரை மேல ஏறவே அவங்களுக்கு ஆள் வேணும், 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்ல டிரெசாஜ்ல, அதாவது குதிரையை நுணுக்கமா நடத்திக் காட்டற போட்டியில, வெள்ளி வாங்கினாங்க, ஆம்பளைங்களோட போட்டி போட்டு, பொம்பளைங்களை அந்தப் போட்டியில சேத்துக்கிட்ட முதல் வருஷமே. 1956-லயும் திரும்ப வெள்ளி. அதைப் பாத்து பல நாட்டுல மாற்றுத்திறனாளிகளுக்கான சவாரி வளந்துச்சு, அமெரிக்காவுல 1969-ல அதுக்குன்னே ஒரு அமைப்பு வந்துச்சு, இப்போ பாத் இன்டர்நேஷனல்னு பேரு, அதுக்குத் தனி இன்ஸ்ட்ரக்டர் சர்டிபிகேட் உண்டு. குதிரை நடக்கும்போது ஏறியிருக்கறவங்க இடுப்பு மனுஷன் நடக்கற மாதிரியே அசையும், நடக்க முடியாத பிள்ளைக்கு அது பெரிய விஷயம். தேவைப்பட்டா குதிரையைப் பிடிக்க ஒருத்தர், ரெண்டு பக்கமும் பிள்ளையைத் தாங்க ஒவ்வொருத்தர் கூடவே நடப்பாங்க. ஆனா ஒண்ணு, இது பிசியோதெரபி இல்ல, சிகிச்சைன்னு சொல்லிக்கணும்னா அதுக்கு லைசன்ஸ் இருக்கற தெரபிஸ்ட் வேணும், இந்தக் கோட்டைத் தாண்டி விளம்பரம் பண்ற இடத்துல அவளைச் சேக்காதீங்க.

செலவு விஷயத்துல நான் கறார். குதிரை வாங்கித் தராதீங்க, பாசத்துல கூட வேணாம். அது 25 வருஷத்துக்கு மேலயும் இருக்கும், அவ பரீட்சை எழுதினாலும் எழுதாட்டியும் தினம் சாப்பிடும், ஆறுலேர்ந்து எட்டு வாரத்துக்கு ஒரு தடவ குளம்பைச் சீவி லாடம் பாக்கணும், பல் பாக்கணும், தடுப்பூசி போடணும். கோச் ஆக சொந்தக் குதிரை தேவையே இல்ல, சொல்லப்போனா பல குதிரைல ஏறினவதான் நல்ல கோச். அடுத்தது, கடன் வாங்கி வெளிநாட்டு ரெசிடென்ஷியல் கோர்ஸ், முதல் ஸ்டேஜ் கூட முடிக்காம அந்தப் பேச்சை எடுத்தா உங்க பொண்ணா இருந்தாலும் நான் உங்க பக்கம்தான் நிப்பேன். ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் தனித்தனியா கட்டுங்க, பாஸ் பண்ணதும் அடுத்தது. மொத்தமா கட்டினா தள்ளுபடின்னு சொல்ற இடத்துக்கு ஒரு கும்பிடு.

லாயத்துல வேலை செஞ்சுக்கிட்டே கத்துக்கற வொர்க்கிங் ப்யூபில்ங்கற ஏற்பாடு இருக்கு, செலவைக் குறைக்க நல்ல வழி, ஏமாத்தற வழியும் அதேதான். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை, எத்தனை மணி நேரம் பாடம், லீவு என்னிக்கு, பரீட்சை ஃபீஸ் யாரு கட்டறது, விழுந்து அடிபட்டா இன்ஷூரன்ஸ் யாரோடது, எல்லாம் எழுத்துல வேணும். பாடம் இல்லாம வெறும் வேலை மட்டும் வாங்கினா ரெண்டாவது மாசமே வெளிய வந்துடட்டும்.

வருமானத்தையும் மறைக்கல. ஆரம்பத்துல கம்மிதான், தனியா வேலை பாக்கற கோச்சுக்கு மழை பெஞ்சா கிளாஸ் இல்ல, கிளாஸ் இல்லைன்னா காசு இல்ல, குதிரை நொண்டினாலும் அதே கதை. முதுகும் முட்டியும் தேயும். ஃபர்ஸ்ட் எய்டும், குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சியும் முடிச்சு, அதை அப்பப்போ புதுப்பிச்சிக்கிட்டே இருக்கணும். பலமா விழுந்து அடிபட்ட ஹெல்மெட்டை வெளிய கீறல் தெரியாட்டியும் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கணும், அதுல மட்டும் சிக்கனம் பாக்காதீங்க. கூட ஒரு டிகிரி இருந்தா எனக்கும் நிம்மதி, ஆனா அது அவ தேர்ந்தெடுத்ததா இருக்கணும், விளையாட்டு அறிவியலோ கல்வியியலோ கணக்கு வழக்கோ, வேலை பாத்துக்கிட்டே தொலைதூரத்துல படிக்கற மாதிரி. மாமா பாத்து வெச்ச சீட்டை இந்த வாரமே விட்டுக்குடுத்துடுங்க, அட்வான்ஸ் கட்டிட்டீங்கன்னா திரும்ப வருமான்னு உடனே கேளுங்க.

அடுத்த மூணு மாசத்துக்குப் பைசா செலவு வேணாம். அவ கத்துக்கற இடத்துலயே ஆரம்ப கிளாஸுக்கு உதவியாளா சேத்துக்கச் சொல்லிக் கேக்கட்டும், காலையில லாயம், அப்புறம் கிளாஸ், ஏறறதுக்கு வாய்ப்பு கிடைக்காட்டியும் பரவால்ல. சாயங்காலம் வந்து எந்தக் குதிரைல ஏற விட்டாங்கங்கறதை மட்டும் பேசினா, சவாரியைப் பொழுதுபோக்கா வெச்சுக்கிட்டு வேற வேலை தேடச் சொல்லி நானே அவகிட்ட சொல்றேன். எந்தப் பிள்ளைக்கு என்ன வரல, அதை எப்படிச் சொல்லிக்குடுத்தா வரும்னு பேசினா, ஸ்டேஜ் 1 ஃபார்ம் எடுத்துக்கிட்டு மூணு பேருமா வாங்க, அப்பாவையும் கூட்டிட்டு வாங்க.