கொண்டுவந்த மீன்குஞ்சுகள் மூன்றாம் நாள் சாவது ஏன்?

தம்புள்ளையிலிருந்து வாகனத்தில் கொண்டுவந்த திலாப்பியாக் குஞ்சுகள் தொட்டியில் விட்ட அன்று நன்றாக நீந்தின, மூன்றாம் நாள் செத்து மிதக்கின்றன, தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சீமெந்துத் தொட்டியிலும் இதேதான் நடந்தது. வந்த அன்றே ஆசையாகத் தீனி போட்டேன், பிள்ளைகளுக்கு வலையில் அள்ளியும் காட்டினேன். பாதிக் குஞ்சுகள் போய்விட்டன.

பயணக் களைப்பு உடனே தெரியாது. பிடித்து, நெருக்கி, குலுக்கிக் கொண்டுவரும்போது மீனின் உடலிலுள்ள உப்பு செவுள் வழியே கசிகிறது, நன்னீர் உள்ளே புகுகிறது. அதைச் சரிசெய்வதிலேயே அதன் பலமெல்லாம் போகிறது, நோயை எதிர்க்கும் சக்தியும் குறைகிறது. மேலிருந்த வழுவழுப்பு உரிந்த இடத்தில் பக்டீரியாவோ, பஞ்சு போன்ற பூஞ்சணமோ பிடிக்க இரண்டு மூன்று நாளாகும்.

இதற்குக் கல்லுப்புத்தான் நல்ல மருந்து. லீற்றருக்கு 3 கிராம், அதாவது 1000 லீற்றர் தொட்டிக்கு 3 கிலோ. திலாப்பியா என்றால் 5 கிலோ வரை தாங்கும். வாளியில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். தண்ணீரிலும் உப்பு இருந்தால் உடலிலிருந்து கசிவது குறையும். நாலைந்து நாளில் தண்ணீர் மாற்ற மாற்ற அது போய்விடும். அந்தத் தண்ணீரை மட்டும் பூச்செடிக்கு ஊற்றிவிடாதீர்கள்.

தெளிவான தண்ணீர் என்கிறீர்கள். குழாய்த் தண்ணீரா? கொழும்புக் குழாயில் குளோரின் வரும். ஒரு நாள் முழுக்கக் காற்று பம்ப் போட்டு வைத்த தண்ணீரையே பாவியுங்கள்.

அடுத்த தடவை, ஏற்றுவதற்கு முதல் நாளே தீனியை நிறுத்தச் சொல்லுங்கள். வந்ததும் கட்டிய பையை அப்படியே தொட்டியில் 20 நிமிடம் மிதக்க விடுங்கள், வெப்பம் சமமாகட்டும். திறந்த பிறகு தாமதிக்கவே கூடாது. மூடிய பைக்குள் மீன் மூச்சில் விட்ட கரியமில வாயுவால் தண்ணீர் அமிலமாகி, மீன் கழிவின் அமோனியா பெரிதாகக் கெடுதல் செய்யாமல் அடங்கியிருக்கும். திறந்ததும் அந்தக் கரியமில வாயு வெளியேற, அதே அமோனியா நஞ்சாகிவிடும். இது தெரியாமல்தான் நானும் ஒரு மணித்தியாலம் கோப்பை கோப்பையாகத் தண்ணீர் கலந்துகொண்டிருந்தேன். கொஞ்சம் கலந்தால் போதும், குஞ்சுகளை மட்டும் அள்ளி விட்டுவிட்டுப் பைத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

அப்புறம் தொட்டியை ஓலையாலோ சாக்காலோ பாதி மூடி, காற்றை நிறுத்தாமல், ஒரு நாள் முழுக்கத் தீனி இல்லாமல் விடுங்கள். இரண்டாவது தடவை நான் இப்படித்தான் செய்தேன், முதல் வாரத்தில் செத்தவை ஏழே ஏழு.

இப்போது மிஞ்சியிருக்கிற குஞ்சுகளுக்கு இன்றிரவே உப்புப் போடுங்கள். செத்தவற்றை உடனுக்குடன் எடுங்கள், உயிரோடிருப்பவற்றை வலையால் தொடவே வேண்டாம்.