ஆங்கிலத்தை மனதுக்குள் படித்தால் புரிகிறது, வாய்விட்டு வாசித்தால் மட்டும் ஏன் தடுமாறுகிறது?

கண்ணுக்குப் பழகிய சொல் வாய்க்குப் பழகியிருக்காது, அதனால்தான். ஒருமுறை நாலு பேர் முன்னால் ஒரு கட்டுரையை வாசித்தபோது, சிறந்த எடுத்துக்காட்டு என்று பொருள்படும் epitome என்ற சொல்லை 'எபிடமி' என்று சொல்லாமல் 'எபிடோம்' என்றேன். யாரோ லேசாகச் சிரித்தார்கள். இதில் கொடுமை, எபிடமி என்பதைப் பலமுறை காதால் கேட்டவன்தான் நான். இரண்டும் வேறு வேறு சொற்கள் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்!

தமிழிலும் ஒரே 'க'வுக்குப் பல ஒலி உண்டே என்பீர்கள். உண்டுதான். ஆனால் கடல், பகல், சங்கு மூன்றிலும் அது எப்படி ஒலிக்கும் என்பதை அது நிற்கும் இடமே சொல்லிவிடும். ஆங்கிலத்தில் 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு ஏறக்குறைய 44 ஒலிகளைச் சமாளிக்கிறார்கள். ஓ, யூ, ஜி, எச் நான்கும் சேர்ந்து சொல்லின் கடைசியில் வந்தால் தோ, த்ரூ, டஃப், காஃப் என்று ஆளுக்கொரு விதம். இடத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

கத்தியைக் குறிக்கும் 'நைஃப்' சொல்லின் முதலில் சும்மா நிற்கும் 'கே' ஒரு காலத்தில் நிஜமாகவே ஒலித்த எழுத்து. 1476 வாக்கில் காக்ஸ்டன் என்பவர் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் தொடங்கினார். அச்சு பரவப் பரவ எழுத்துக்கூட்டல் மெல்ல இறுகிவிட்டது, பேச்சு அதுபாட்டுக்கு மாறிக்கொண்டே போனது. கடன் என்ற பொருளில் வரும் 'டெட்' சொல்லிலுள்ள 'பி' கதை வேறு. லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகப் படித்தவர்கள் பின்னால் செருகியது அது. மேதாவித்தனத்துக்கு நாம் இன்றும் வட்டி கட்டுகிறோம்.

சத்தமாக வாசிக்கும்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. 'படி' என்பதற்கும் 'படித்தேன்' என்பதற்கும் ஒரே எழுத்துக்கூட்டல்தான். ஒன்று 'ரீட்', மற்றது 'ரெட்'. பொருள் தெரியாமல் வாயைத் திறக்க முடியாது. 'ரெகார்ட்' பெயர்ச்சொல்லானால் அழுத்தம் முதல் அசையில், வினையானால் இரண்டாவதில். ஆகவே வாய் ஒரு சொல்லில் இருக்கும்போதே கண் நாலைந்து சொல் முன்னால் ஓட வேண்டும். மனதுக்குள் படிக்கும்போது இந்த வேலை கிடையாது, தெரியாததை நழுவவிட்டுப் போய்விடலாம்.

இப்போதெல்லாம் வாசிப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துச் சந்தேகமான சொற்களின் ஒலியை அகராதிச் செயலியில் கேட்டுவிடுகிறேன். அழுத்தம் விழும் அசைக்கு அடியில் பென்சிலால் ஒரு கோடு. மேலே தமிழில் எழுதிவைத்தும் பார்த்தேன், சரிப்படவில்லை: அழுத்தம் எங்கே என்பது அதில் தெரியாது. அப்புறம், ராணுவக் 'கர்னல்' (colonel) வந்தால் எழுத்தைப் பார்ப்பதே இல்லை. அதில் இல்லாத 'ஆர்' ஒலிக்கிறது, இருக்கிற முதல் 'எல்' ஒலிப்பதில்லை.