மனந்திரும்புதலும் இறை இரக்கமும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

தவக்காலம் தொடங்கியதிலிருந்து, தமிழ்நாடு-கேரள எல்லையில், களியக்காவிளைக்கு இப்புறமும் பாறசாலைக்கு அப்புறமும் வாழும் தமிழ்க் குடும்பத்தார் பலர் பாவமன்னிப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் குருவானவர் அல்லன். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பை நெடுங்காலம் நடத்திவரும் ஆசிரியன். கத்தோலிக்கத் திருச்சபை கற்பிப்பதையே சொல்கிறேன். என் சொந்த எண்ணம் இடையில் வந்தால் அதைத் தனியே குறிப்பிடுகிறேன்.

சார், நான் கோபத்தில் மாமியாரை ஏசிவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் பாவசங்கீர்த்தனத்தில், குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடும்போது, இதையே சொல்கிறேன்; மாதம் திரும்புவதற்குள் மறுபடியும் ஏசிவிடுகிறேன். ஆண்டவருக்கே சலித்துப் போயிருக்காதா?

லூக்கா 15ஆம் அதிகாரத்தில் வரும் ஊதாரி மைந்தன் உவமையை எடுத்து வையுங்கள், அம்மா. தகப்பனின் சொத்தில் தன் பங்கை அழித்துவிட்டுப் பன்றி மேய்த்த இடத்திலேயே அந்த மகன் தகப்பனிடம் பேச வேண்டியதை மனப்பாடம் செய்துகொள்கிறான். கடவுளுக்கும் உமக்கும் எதிராகப் பாவம் செய்தேன்; உம் மகன் எனப்பட எனக்குத் தகுதியில்லை; உம் கூலியாட்களுள் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும் என்று 18, 19ஆம் வசனங்களில் மூன்று செய்திகள் இருக்கின்றன. வீட்டுக்கு வந்து அவன் உண்மையில் பேசுவதோ 21ஆம் வசனத்தில். அங்கே முதல் இரண்டு மட்டுமே உள்ளன. கூலியாள் என்ற பேச்சு வருவதற்குள், முதல்தரமான ஆடையைக் கொண்டுவரும்படி தகப்பன் பணியாளர்களுக்குச் சொல்லத் தொடங்கிவிடுகிறார். ஒருமுறை வகுப்பில் இரண்டு பேச்சுகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதிப் போட்டபோது, "கடைசி வரியைக் காணோமே சார்" என்று ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்திதான் கேட்டாள். தகப்பன் அதைச் சொல்லவே விடவில்லை என்பதே என் எண்ணம். அன்றிலிருந்து இந்த உவமையை நான் வேறு விதமாக வாசிப்பதில்லை.

நீங்களும் கூலியாளாக நின்று கணக்குக் கொடுக்கப் போவதாக எண்ணிக்கொள்வதால்தான் இந்த வெட்கம் உங்களை அரிக்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் நாம் செய்யும் பிரதிக்கினை, அதாவது திருந்துவேன் என்ற உறுதி, இனி ஒருபோதும் விழவே மாட்டேன் என்று நமக்கு நாமே உத்தரவாதம் எழுதிக் கொடுப்பது அன்று. விழக்கூடாது என்று அந்த வேளையில் உண்மையாகவே விரும்புவதும், விழவைக்கும் சூழ்நிலையை விட்டு விலக முயல்வதுமே அது. ஆகையால் கோபம் எப்போது வருகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். காலையில் பிள்ளைகளைப் பள்ளி வண்டிக்கு அனுப்பும் அவசரத்தில் வருகிறதென்றால், திருத்த வேண்டியது அந்த அரைமணி நேரத்தை. அதையும் குருவானவரிடம் சொல்லுங்கள். ஏசினேன் என்று மட்டும் சொல்வதைவிட அது உங்களுக்கு மிகவும் உதவும்.

ரப்பர் வாங்கும் கடை நடத்துகிறேன். ரப்பர் ஷீட்டிலும், உறைந்த ரப்பர் பாலான ஒட்டுப்பாலிலும் ஈரம் என்று சொல்லி, நியாயமானதற்கு மேல் எடையைக் கழித்துப் பல ஆண்டுகள் சம்பாதித்தேன். பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். அதோடு முடிந்ததா?

முடியவில்லை, அண்ணாச்சி. குற்றம் மன்னிக்கப்பட்டது, ஆனால் ரப்பர் பால் வெட்டியவனின் பணம் இன்னும் உங்கள் பெட்டியில் இருக்கிறது. பிறர் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கடமையைப் பாவமன்னிப்பு நீக்கிவிடுவதில்லை என்பது திருச்சபையின் தெளிவான போதனை. தானாக முன்வந்து அறிக்கையிடுபவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்று எண்ணிக்கை நூல் 5ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆட்டைத் திருடி விற்றவனுக்கோ நான்கு மடங்கு என்பது விடுதலைப் பயண நூலின் சட்டம். லூக்கா 19ஆம் அதிகாரத்தில் வரும் வரிதண்டுவோர் தலைவர் சக்கேயு, ஏமாற்றி வாங்கியதற்காகத் தன்னைத் திருடனின் வரிசையில் நிறுத்தி, நான்கு மடங்கைத் தானே விதித்துக்கொண்டார். அதிலும் இயேசு அவர் வீட்டில் தங்க வேண்டும் என்று சொன்னது முதலில். சக்கேயு திருப்பிக் கொடுக்க எழுந்து நின்றது அதற்குப் பிறகு.

நான்கு மடங்கு உங்களுக்குக் கட்டளை அன்று. எடுத்ததை முழுமையாகக் கொடுப்பது கட்டளை. பழைய பற்றுச்சீட்டுகளைப் பாருங்கள். ஆள் இறந்திருந்தால் வாரிசுகளிடம் கொடுங்கள். ஆளே தெரியாவிட்டால் ஏழைகளுக்குக் கொடுங்கள். உங்கள் பெயரை வெளிப்படுத்தவேண்டிய கட்டாயம் இல்லை. குருவானவர் வழியாகவும் கொடுக்கலாம். பலர் கோயிலுக்குக் குத்துவிளக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு மனம் ஆறிவிடுகிறார்கள். அடுத்தவன் பணத்தில் நேர்ச்சை செலுத்தலாகாது என்பதை வருத்தத்தோடு சொல்லவேண்டியிருக்கிறது.

நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்ற சீர்திருத்த சபையைச் சேர்ந்தவன். கடவுளிடம் நேரடியாக அறிக்கையிட்டால் போதாதா, ஐயா?

தம்பி, மன்னிப்பவர் கடவுள் ஒருவரே என்பதில் உங்களுக்கும் எங்களுக்கும் வேற்றுமை இல்லை. உயிர்த்த ஆண்டவர் பாவங்களை மன்னிக்கும் பணியைச் சீடர்களிடம் ஒப்படைத்தார் என்ற யோவான் 20:23ஐ நாங்கள் அருட்சாதனமாக, அதாவது கடவுளின் அருளைத் தரும் திருச்சடங்காக, கைக்கொள்கிறோம். உங்கள் ஆராதனையில் திருவிருந்துக்கு முன் வரும் பொதுப் பாவ அறிக்கையை வாயளவில் சொல்லாமல், அந்த வாரத்தில் செய்த ஒன்றையாவது மனத்தில் நிறுத்திச் சொல்லிப் பாருங்கள்.

என் அண்ணன் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இயேசுவைக் காட்டிக்கொடுத்துவிட்டுத் தன்னையே மாய்த்துக்கொண்ட யூதாசின் முடிவு என்று ஊரில் பேசுகிறார்கள். அவருக்கு இரக்கம் உண்டா?

தங்கச்சி, உங்கள் ஊரார் பேசுவது திருச்சபையின் பேச்சு அன்று. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், இவ்வாறு இறந்தவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக்கூடாது என்றும், கடவுள் தமக்கு மட்டுமே தெரிந்த வழிகளில் அவர்களுக்கு மனந்திரும்பும் வாய்ப்பை அளிக்க முடியும் என்றும் 2283ஆம் எண்ணில் கூறுகிறது. கடும் மனநோயும் வேதனையும் அச்சமும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கும் என்று அதற்கு முந்திய எண்ணே சொல்லிவிடுகிறது. யூதாசைக்கூட நரகத்தில் இருப்பவராகத் திருச்சபை ஒருபோதும் அறிவித்ததில்லை.

யூதாசைப் பற்றி மத்தேயு எழுதியிருப்பதைப் படித்தால் எனக்கு நெஞ்சு கனக்கும். அவர் வருந்தினார், முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தார், மாசற்றவரைக் காட்டிக்கொடுத்தேன் என்று வாய்விட்டும் சொன்னார். கேட்ட தலைமைக் குருக்களோ, அதைப்பற்றி எங்களுக்கு என்ன என்று கையை விரித்தார்கள். அதே இரவில் இயேசுவின் முதன்மைச் சீடர் பேதுருவும் தவறினார். இயேசுவை அறியேன் என்று அவர் மறுதலித்தது தலைமைக் குருவின் முற்றத்தில், கரி நெருப்பருகே. உயிர்த்த ஆண்டவர் பின்னர் திபேரியாக் கடற்கரையில் அவருக்காக மீன் சுட்டு வைத்ததும் கரி நெருப்பில்தான். அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இந்த இரண்டு இடங்களில் மட்டுமே வருகிறது. வலித்த இடத்துக்கே அழைத்துப்போய், மூன்று மறுதலிப்புக்கு மூன்று முறை, என்னை அன்பு செய்கிறாயா என்று கேட்டார். உங்கள் அண்ணனுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுங்கள். அவர் பெயரைச் சொல்லியே ஒப்புக்கொடுங்கள். உங்கள் வேதனையையும் தனியாகச் சுமக்காமல், நம்பிக்கையான ஒருவரிடம் இந்த வாரமே மனம்விட்டுப் பேசுங்கள்.

அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே தெரியும்; நாங்கள் இப்போது இருக்கும் பங்கில் எல்லாம் மலையாளம். கும்பசாரத்துக்கு (பாவசங்கீர்த்தனத்துக்கு) எப்படிப் போவார்?

தமிழிலேயே சொல்லட்டும், இந்த எல்லைப் பகுதிக் குருக்கள் பலருக்குத் தமிழ் விளங்கும். விளங்காவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வழியாகவும் செய்யலாம் என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தில் 990ஆம் விதி அனுமதிக்கிறது. கேட்டதை வெளியே சொல்லாதிருக்க அந்த மொழிபெயர்ப்பாளரும் கடமைப்பட்டவர். பெற்ற மகளிடம் சொல்லத் தயங்குவார் என்றால் வற்புறுத்தாதீர்கள். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன் ஒருநாள் பேருந்தில் களியக்காவிளைப் பக்கம் அழைத்து வாருங்கள். இங்குள்ள கோயில்களில் தமிழிலேயே கேட்பார்கள்.