பித்தப்பையை எடுத்த அம்மா இனி மீனே சாப்பிடக் கூடாதா?

கேள்வி: என் அம்மாவுக்கு 54 வயது. காசிமேட்டில் விடியற்காலையில் மீன் எடுத்து, கொருக்குப்பேட்டையில் தெருவோரம் உட்கார்ந்து விற்கிறார். ஐந்து மாதத்துக்கு முன்பு கல் இருந்ததால் லேப்ராஸ்கோபியில் பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். பழைய வலி போய்விட்டது. ஆனால் காலையில் டீ குடித்த கொஞ்ச நேரத்திலேயே லூஸ் மோஷன் ஆகிறது. அடக்கவும் முடியவில்லை, விற்கும் இடத்தில் பாத்ரூமும் இல்லை. அதற்குப் பயந்து பிற்பகல் மூன்று மணிக்கு வீட்டுக்கு வரும்வரை எதுவும் சாப்பிடுவதில்லை. வந்ததும் வயிறு நிறையச் சாப்பிடுகிறார், பிறகு உப்புசம், புளித்த ஏப்பம். சர்க்கரை நோய் உண்டு. கிளிமிப்பிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரையை விடியற்காலை கிளம்பும்போதே போட்டுக்கொள்கிறார். ஆபரேஷன் சமயத்தில் அதன் அளவைக் கூட்டினார்கள். மெடிக்கல் ஷாப்பில் சொல்லி பான்டோபிரசோலும் தினமும் போடுகிறார். போன வாரம் எடுத்த ஸ்கேனில் 'பித்தநாளம் 8 மி.மீ., லேசாக விரிந்துள்ளது, கல் இல்லை' என்று வந்திருக்கிறது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் 'இனி ஆயுசுக்கும் கஞ்சிதான், மீனைத் தொடாதே' என்கிறார்கள். என்ன செய்வது டாக்டர்?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். அம்மா போடும் மாத்திரையில் உள்ள கிளிமிப்பிரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். அதைப் போட்டுக்கொண்டு மூன்று மணி வரை வெறும் டீயோடு இருந்தால், ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். கை நடுக்கம், குப்பென்று வியர்வை, படபடப்பு, கண் இருட்டுவது, பேச்சு குழறுவது எல்லாம் அதன் அறிகுறிகள். வெயிலில் கூடைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இது வந்தால், பக்கத்தில் இருப்பவர்கள் வெயில் தாங்காமல் மயக்கம் என்றுதான் நினைப்பார்கள். மடியில் எப்போதும் ஒரு பொட்டலம் சர்க்கரையோ குளுக்கோஸ் பவுடரோ இருக்கட்டும். அந்த மாத்திரை சாப்பாட்டோடு சேர்த்துத்தான் போட வேண்டியது. இந்த வாரமே சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டரிடம் அம்மாவின் வேலை நேரத்தைச் சொல்லி, மருந்தை அதற்கேற்ப மாற்றித் தரச் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

இனி பித்தப்பைக்கு வருவோம்.

பித்தநீரைச் சுரப்பது பித்தப்பை இல்லை, கல்லீரல். ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை சுரக்கிறது. பித்தப்பையில் பிடிப்பது 30 முதல் 50 மில்லிதான். சாப்பிடாத நேரத்தில் வரும் பித்தநீரை வாங்கி, தண்ணீரை உறிஞ்சிக் கெட்டியாக்கி வைத்திருந்து, கொழுப்புள்ள சாப்பாடு உள்ளே போனதும் பிழிந்து விடுவது அதன் வேலை. அதை எடுத்துவிட்டாலும் பித்தநீர் வந்துகொண்டேதான் இருக்கும். சேர்த்து வைத்து மொத்தமாக விடும் வசதிதான் போய்விட்டது. வடசென்னையில் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி பந்தயப் புறா வளர்க்கிறார்களே, அந்தப் புறாவுக்குப் பிறவியிலேயே பித்தப்பை கிடையாது. குதிரைக்கும் கிடையாது. மனிதருக்குப் பித்தப்பையை எடுக்கும் அறுவை 1882-ல் பெர்லினில் தொடங்கியது. லேப்ராஸ்கோபி முறையிலும் 1985-லிருந்து செய்கிறார்கள். அப்படி எடுத்துக்கொண்ட பலர் பல பத்தாண்டுகள் எல்லாரையும் போலச் சாப்பிட்டு வாழ்ந்திருக்கிறார்கள். 'ஆயுசுக்கும் கஞ்சி' என்பதில் உண்மை இல்லை.

அப்படியானால் அம்மாவுக்கு ஏன் இந்தத் தொல்லை? இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிய பித்தநீர் சிறுகுடலில் நிற்கிறது. பித்தநீரில் உள்ள பித்த அமிலங்களில் சுமார் 95 சதவீதத்தைச் சிறுகுடலின் கடைசிப் பகுதி உறிஞ்சி மறுபடி கல்லீரலுக்கே அனுப்பிவிடும். அந்தப் பகுதிக்குத் தாங்காத அளவு வந்தால், மிச்சம் பெருங்குடலுக்குள் போய்விடும். அங்கே அது தண்ணீரை இழுக்கும், குடலை முடுக்கிவிடும். காலையில் முதல் வாய் சூடான டீ இறங்கியதும் குடல் இயல்பாகவே அசையத் தொடங்கும். இரண்டும் சேர்ந்தால் அடக்க முடியாமல் வருகிறது. பித்தப்பை எடுத்தவர்களில் நூற்றுக்குப் பத்திலிருந்து இருபது பேருக்கு இப்படிக் கொஞ்ச காலம் இருக்கும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ தானாகக் குறைந்துவிடும். ஐந்து மாதம் தாண்டியும் தினமும் வருகிறதென்றால், பழகிவிடும் என்று விட்டுவிடக் கூடாது.

ஆனால் எல்லாப் பழியையும் இல்லாத பித்தப்பை மேல் போட எனக்கு மனமில்லை. மெட்ஃபார்மின் தனியாகவே வயிற்றுப்போக்கு உண்டாக்கும், அளவைக் கூட்டும்போது இன்னும் அதிகமாக. ஆபரேஷன் சமயத்தில்தான் அளவைக் கூட்டினார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததால் ஒன்று மற்றதன் பின்னால் மறைந்துகொண்டது என்பது என் சந்தேகம். மெட்ஃபார்மினில் மெதுவாகக் கரையும் வகை உண்டு. வயிறு அதைப் பெரும்பாலும் நன்றாகத் தாங்கும். டாக்டர் அதற்கு மாற்றலாம், அல்லது அளவைக் குறைத்து வேறு மருந்து சேர்க்கலாம். நான் அம்மாவை நேரில் பார்த்தால் முதலில் கை வைப்பது இந்த மாத்திரையில்தான்.

அடுத்தது டீயில் உள்ள பால். வயதாக ஆகப் பாலில் உள்ள லாக்டோஸ் பலருக்குச் செரிப்பதில்லை. ஒரு வாரம் பால் இல்லாத டீ குடித்துப் பாருங்கள். காசு செலவில்லாத பரிசோதனை, பதிலும் தெளிவாகக் கிடைக்கும்.

பான்டோபிரசோல் அமிலத்தைக் குறைக்கும், பித்தத்தை ஒன்றும் செய்யாது. நெஞ்செரிச்சலுக்கு டாக்டர் சொன்ன காலத்துக்குப் போடுவது வேறு, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாதக்கணக்கில் போடுவது வேறு. அதுவும் மெட்ஃபார்மினும் சேர்ந்து நாளடைவில் வைட்டமின் பி12-ஐக் குறைக்கலாம். கால் எரிச்சல், மரத்துப்போவது இருந்தால் சர்க்கரையால் என்று மட்டும் நினைக்காமல் பி12-ஐயும் பார்க்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டில் அம்மா செய்வது, தெரியாமல்தான், நேர்மாறாக இருக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் பட்டினி, பிறகு ஒரே வேளையில் சோறும் குழம்பும் வறுவலும். சேர்த்து வைக்கப் பை இல்லாத உடம்புக்கு இதைவிடக் கஷ்டமான முறை இல்லை. அவ்வளவு கொழுப்பும் ஒரே நேரத்தில் இறங்கும்போது அதைக் கரைக்கும் அளவுக்குப் பித்தநீர் கையிருப்பில் இருக்காது. அதனால்தான் உப்புசமும் ஏப்பமும். அதே சாப்பாட்டை ஐந்தாகப் பிரித்தால் பாதித் தொல்லை போகும்.

ஏலம் யாருக்காகவும் காத்திருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அம்மா அரை மணி நேரம் முன்னதாக எழுந்து, வீட்டிலேயே இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் கேழ்வரகுக் கூழோ சாப்பிடட்டும். குடல் எப்படியும் ஒருமுறை அசையத்தான் போகிறது, அது பாத்ரூம் இருக்கும் இடத்திலேயே நடந்துவிடட்டும். பிறகு ஏழு மணிக்கு மறுபடி இரண்டு இட்லி அல்லது தேங்காய்ப்பால் இல்லாத இடியாப்பம், பத்தரைக்கு ஒரு வாழைப்பழமோ கொய்யாவோ, ஒரு மணிக்குக் கட்டிக்கொண்டு போன தயிர்சாதம். மூன்று மணிக்கு வீட்டுக்கு வரும்போது பசி வெறியாக இருக்காது. தயிர் பலருக்குப் பாலைப் போலத் தொல்லை தருவதில்லை. தந்தால் ரசம் சாதம் இருக்கிறது.

மீனுக்கு வருகிறேன். தாராளமாகச் சாப்பிடலாம். மீன் விற்பவரிடம் மீன் சாப்பிடாதே என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை, காரணமும் இல்லை. சங்கரா, பாறை, வவ்வால், இறால் இவற்றில் கொழுப்பு குறைவு. இன்னும் இரண்டு மூன்று மாதம் இவற்றைக் குழம்பாகவோ, தோசைக்கல்லில் ஒரு டீஸ்பூன் எண்ணெயிலோ செய்துகொடுங்கள். மத்தியும் கானாங்கத்தையும் இதயத்துக்கு நல்ல மீன்தான், ஆனால் கொழுப்பு அதிகம், வயிறு அடங்கிய பிறகு ஒரு துண்டில் தொடங்கலாம். சட்டி நிறைய எண்ணெயில் பொரித்த மீன், பரோட்டா சால்னா, பாயா, பஜ்ஜி, இவற்றை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் பிடிக்குமென்றால் அதுவும் இந்தக் கணக்கில்தான், பொரித்த வெங்காயமும் அதன் எண்ணெயும் இல்லாமல் அத்தோ ஏது? மிளகாய்த்தூளையும் பாதியாக்குங்கள். காரம் கெட்டது என்பதற்காக அல்ல, ஏற்கனவே முடுக்கிவிட்ட குடலை அது இன்னும் முடுக்கும்.

எண்ணெய் எவ்வளவு என்று கேட்பீர்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு நான்கு டீஸ்பூன், ஒரே வேளையில் இரண்டுக்கு மேல் வேண்டாம். நான்கு பேர் வீட்டில் மாதம் இரண்டரை லிட்டருக்கு மேல் செலவானால் அளவு கூடுகிறது என்று அர்த்தம். ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்று மிரட்டுபவர்களை நம்பாதீர்கள். கொழுப்பே இல்லாத சாப்பாட்டில் ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடம்பில் சேராது.

இசப்கோல் உமியை மலச்சிக்கலுக்கு என்று மட்டும் நினைக்கிறோம். அது தண்ணீரைப் பிடித்து வைப்பதால் இளகிய மலத்தையும் கெட்டிப்படுத்தும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு டீஸ்பூன், ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். மற்ற மாத்திரைகளோடு சேர்த்து வேண்டாம், இரண்டு மணி நேர இடைவெளி இருக்கட்டும்.

இத்தனையும் செய்து மூன்று நான்கு வாரத்தில் குறையவில்லை என்றால் கொலஸ்டிரமின் என்றொரு பவுடர் இருக்கிறது. குடலில் பித்த அமிலங்களைப் பிடித்துக் கட்டி வெளியேற்றும். வெளிநாடுகளில் பித்த அமில வயிற்றுப்போக்கை உறுதிசெய்ய ஒரு தனி ஸ்கேன் உண்டு. நம் ஊரில் பெரும்பாலும் இந்த மருந்தைக் கொடுத்து, நின்றால் அதுதான் காரணம் என்று முடிவு செய்கிறோம். டாக்டர் எழுதிக்கொடுத்துத்தான் வாங்க வேண்டும், குறைந்த அளவில் தொடங்க வேண்டும், கூடினால் மலச்சிக்கல் வரும். பித்தத்தைப் பிடிப்பது போலவே இது மற்ற மாத்திரைகளையும் பிடித்துக்கொள்ளும். அதனால் மற்றவற்றை ஒரு மணி நேரம் முன்போ நான்கு மணி நேரம் கழித்தோதான் போட வேண்டும். லோபராமைடு மாத்திரை கல்யாணம், பயணம் போன்ற நாட்களுக்கு டாக்டரைக் கேட்டுப் போடலாம். காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் தொடவே கூடாது.

ஸ்கேனில் வந்த 8 மி.மீ. உங்களைத் தூங்கவிடவில்லை போலிருக்கிறது. அது பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் குழாயான பித்தநாளத்தின் அகலம். பித்தப்பை உள்ளவர்களுக்கு 6 மி.மீ. வரை இயல்பு என்பார்கள். எடுத்தவர்களுக்கு நாளம் கொஞ்சம் விரிவது சகஜம், 10 மி.மீ. வரைகூட இருக்கலாம். கல் இல்லை, மஞ்சள் இல்லை என்றால் இந்த எண் தனியாக நோய் இல்லை. ஆனால் கல்லீரல் ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள். பிலிருபினும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸும் இயல்பாக இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். கூடியிருந்தால், பையை எடுக்கும்போதே நாளத்துக்குள் நழுவிய சிறு கல் ஒன்று அங்கே இருக்கலாம். வயிற்றுக்கு மேலாக எடுக்கும் ஸ்கேனில் அது தப்பிவிடுவதுண்டு. எம்.ஆர்.சி.பி. என்ற ஸ்கேனில் தெரியும், இருந்தால் வாய் வழியாக எண்டோஸ்கோப் விட்டே எடுத்துவிடலாம், மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை.

வலது விலாவுக்குக் கீழே அரை மணி நேரத்துக்கு மேல் விடாமல் பிடித்து முதுகுக்கோ தோளுக்கோ பரவும் வலி, குளிர்காய்ச்சல், கண்ணில் மஞ்சள், டிகாஷன் நிறத்தில் சிறுநீர், வெளுத்த மலம், இவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உங்களுக்கு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி பக்கம், இரைப்பை குடல் சிகிச்சைக்குத் தனிப் பிரிவே அங்கு இருக்கிறது. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, இவை இருந்தால் ஒரு வாரத்துக்குள் காட்டுங்கள், பெருங்குடலையும் பார்க்க வேண்டியிருக்கும்.

பாத்ரூம் இல்லை என்பதற்காக அம்மா தண்ணீரையும் குறைத்துக்கொள்கிறாரா என்று கேளுங்கள். தெருவோரம் விற்கும் பெண்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள், பிறகு சிறுநீர்த் தொற்றோடு எங்களிடம் வருகிறார்கள். சர்க்கரை உள்ளவருக்கு அது இன்னும் எளிதில் வரும். பக்கத்தில் தெரிந்த வீடோ கடையோ ஒன்றைக் கேட்டு ஏற்பாடு செய்து கொடுங்கள். இந்த வேலையை அம்மா செய்ய மாட்டார், கூச்சப்படுவார், நீங்கள்தான் போய்ப் பேச வேண்டும்.

கடைசியாக ஒரு காகிதம். எடுத்த பித்தப்பையைப் பயாப்ஸிக்கு அனுப்புவது வழக்கம். அந்த ரிப்போர்ட்டைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. பெரும்பாலும் 'நாள்பட்ட வீக்கம்' என்றுதான் இருக்கும், ஆனால் அபூர்வமாக ஸ்கேனில் தெரியாத புற்று அதில் தெரியவரும். ஆபரேஷன் செய்த இடத்தில் கேட்டு வாங்குங்கள். டாக்டரிடம் போகும்போது அதோடு டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட், அம்மா போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கியதையும் சேர்த்து.