கால் வீக்கம், களைப்பு, பார்டர் சர்க்கரை: டாக்டர் பதில்கள்

வெயில் ஏறினால் கால் வீக்கக் கடிதங்களும் ஏறும். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் அதுதான். எழுதும்போது வயது, எடை, பிரஷர், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயர் ஆகியவற்றைக் கட்டாயம் எழுதுங்கள். போன மாதமும் சொன்னேன்.

வயது 54. எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 6.1. மாலையானால் இரண்டு கணுக்காலும் வீங்கி, காலையில் வடிந்துவிடுகிறது. சர்க்கரையால்தானா? பிரஷருக்கு மட்டும் அம்லோடிபின் 10 சாப்பிடுகிறேன். (வாசகி, தேனி)

6.1 சர்க்கரை காலை வீங்க வைக்காது அம்மா. 5.7-இலிருந்து 6.4 வரை பார்டர்தான். வீக்கத்துக்கான பதிலை உங்கள் கடைசி வரியிலேயே எழுதிவிட்டீர்கள். அம்லோடிபின் பலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். 5 மில்லிகிராமைவிட 10-இல் அதிகம். இந்த வீக்கத்துக்கு நீர் மாத்திரை பெரிதாகக் கேட்காது, பிரஷர் மாத்திரையைத்தான் மாற்ற வேண்டும். அதை எழுதிக் கொடுத்த டாக்டர் செய்யட்டும், நீங்களாக நிறுத்த வேண்டாம். மாத்திரைமீதே முழுப் பழியையும் போட்டுவிடாமல், சிறுநீரில் புரதம், கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனை), தைராய்டு, ஹீமோகுளோபின் இந்த நான்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் இதயத்தையும் பார்க்க வேண்டும்.

கால் வீங்குது, சுகர் இருக்கு, நல்ல மாத்திரை ஒன்று சொல்லவும்.

ஒரு காலா, இரண்டு காலா? எத்தனை நாளாக? வயது என்ன? ஒன்றும் இல்லை. இதற்கு மாத்திரை சொல்கிறவரிடம் போகாதீர்கள், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

பார்டர் சர்க்கரைக்கு ஐந்து வருடமாக மெட்ஃபார்மின். சைவம். எப்போதும் அசதி, பாதத்தில் மதமதப்பு.

பி12 பாருங்கள். மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையும், சைவத்தில் வரவும் குறைவு. கூடவே ஹீமோகுளோபினும் தைராய்டும். இன்னொன்று: இரும்புச்சத்துக் குறைவில் எச்பிஏ1சி உண்மையைவிடச் சற்று கூடுதலாகக் காட்டும். இரத்தசோகை இருந்தால் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் சேர்த்துப் பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது. குறட்டை பலமா என்று வீட்டில் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைப்படுகிறவர்களுக்கும் பகல் முழுக்க அசதிதான்.

மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் செட் மாத்திரை வாங்கிப் போடுகிறேன். ஒரு வருடமாகிறது. வலி நன்றாகக் கேட்கிறது. ஆனால் கால், முகம் வீங்குகிறது, சர்க்கரை 112-இலிருந்து 140-க்குப் போய்விட்டது. சர்க்கரைக்கு என்ன செய்யலாம்? (வாசகர், 61, விழுப்புரம்)

சர்க்கரைக்கு என்ன செய்யலாம் என்றா கேட்கிறீர்கள்? அந்தச் செட்டை என்ன செய்வது என்று கேளுங்கள் ஐயா.

அந்தக் காகித மடிப்புக்குள் பெரும்பாலும் டைக்ளோஃபினாக் அல்லது அசிக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, அப்புறம் பொடிசாக ஒரு மாத்திரை இருக்கும். அந்தப் பொடிசுதான் பல செட்டுகளில் ஸ்டீராய்டு. வலி அற்புதமாகக் கேட்பதும், முகம் உப்புவதும், சர்க்கரை எகிறுவதும் அதன் வேலையாக இருக்கலாம். வலி மாத்திரை தன் பங்குக்கு உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். கால் வீங்கியதும் அதே கடையில் நீர் மாத்திரையும் வாங்குவார்கள். ஏற்கெனவே டெல்மிசார்டன் மாதிரி பிரஷர் மாத்திரை இருந்தால், மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தைப் படுக்க வைத்துவிடும். வயிற்றுப்போக்கு வந்து நீர்ச்சத்து குறைந்த நாளில் இது இன்னும் வேகமாக நடக்கும். அட்டை இல்லாமல் உதிரியாகத் தரும் மாத்திரையை வாங்காதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது!

அதற்காக நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். ஒரு வருடம் ஸ்டீராய்டு போயிருந்தால் திடீரென்று விடுவது ஆபத்து. பிரஷர் சரிந்து மயங்கி விழலாம், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மிச்சமிருக்கும் செட்டை அப்படியே எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு பொது மருத்துவரிடம் போங்கள். கிரியாட்டினின், பொட்டாசியம், சிறுநீர் பார்க்கச் சொல்லுங்கள். பெயர் தெரியாத ‘மூலிகை’ வலிப்பொடியைக் குடிப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். ஸ்டீராய்டு கலந்த பொடிகள் பிடிபட்டிருக்கின்றன.

வலிக்கு வழி இல்லாமல் இல்லை. முட்டிக்கு மேலே தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி, ஐந்து கிலோ எடைக் குறைப்பு, மேலே தடவும் டைக்ளோஃபினாக் ஜெல், தேவையான அன்று மட்டும் டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால். மெதுவாகத்தான் கேட்கும்.

நரம்பு எரிச்சலுக்கு பிரிகாபலின் ஆரம்பித்ததிலிருந்து தூக்கம், கால் வீக்கம், எடை கூடுகிறது.

மூன்றுமே அந்த மாத்திரையால் வரக்கூடியவை. டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைக்கலாம், அல்லது வேறு மாத்திரைக்கு மாறலாம். திடீரென நிறுத்த வேண்டாம்.

ராகிக் கஞ்சி குடித்தால் சர்க்கரைக்கு நல்லதுதானே?

மாவாக அரைத்து, கரைத்து, கொதிக்க வைத்துக் குடித்தால் வேகமாகத்தான் ஏறும். ராகி என்ற பெயருக்காகச் சர்க்கரை பயப்படாது. அடையாகச் சாப்பிடுங்கள், அளவாக.

வெறும் வயிற்றில் 108. மாத்திரை வேண்டுமா, நடந்தால் போதுமா?

முதலில் நடை, எடைக் குறைப்பு. 2006-இல் வெளியான சென்னை ஆய்வில் உணவும் நடையும் மட்டுமே பார்டர்காரர்கள் முழுச் சர்க்கரை நோய்க்குப் போவதை கால்வாசிக்கு மேல் குறைத்தன. மெட்ஃபார்மினும் ஏறக்குறைய அதே அளவுதான். இரண்டையும் சேர்த்தபோது கூடுதல் பலன் இல்லை. கால் வலித்தால் ஒரே மூச்சில் வேண்டாம், சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பத்து நிமிடமாக நடங்கள்.

நேற்றிலிருந்து இடது கால் மட்டும் வீக்கம், கெண்டைக்கால் வலி. எண்ணெய் தேய்க்கலாமா?

தேய்க்கக் கூடாது. இரத்தக் கட்டியாக இருக்கலாம். இன்றே ஸ்கேன். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். இதற்கெல்லாம் கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருப்பதா? வருடக்கணக்கில் மெல்ல வீங்கிய ஒற்றைக்கால் வேறு கதை. யானைக்கால், நிணநீர் அடைப்பு என்று வேறு பரிசோதனைகள் உண்டு.

கணவர் செக்யூரிட்டி, 12 மணி நேரம் நிற்கிற வேலை. கால் வீங்குகிறது. இறுக்கமான காலுறை போடலாமா?

நரம்புச் சுருள் (வெரிகோஸ் வெயின்) இருந்தால் நல்ல பலன் தரும். ஆனால் பீடி, சிகரெட், சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாத நாடி சரியாக இருக்கிறதா என்று டாக்டர் தொட்டுப் பார்த்த பிறகே போட வேண்டும். இரத்த ஓட்டம் குறைந்த காலை இறுக்கினால் புண்ணாகும். அளவு எடுத்து வாங்கி, காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன் போட்டு, இரவில் கழற்றச் சொல்லுங்கள். நிற்கும்போது அவ்வப்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் இரண்டு தலையணைமேல் காலை வைத்து அரைமணி நேரம் படுக்கட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் சேரும் தட்டை மாற்றுவது உங்கள் பொறுப்பு. காலுறை துவைத்துத் துவைத்துத் தொய்ந்துபோனால் புதிது வாங்குங்கள், ஆறு மாதத்துக்கு மேல் அதில் பிடிப்பு இருக்காது.