நர்சிங் இன்ஃபர்மேட்டிக்ஸ்: கேட்டவர்களும் என் பதில்களும்

ஒன்பது வருடம் வார்டில் நின்றேன். இப்போது மருத்துவமனை மென்பொருள் பக்கம் இருக்கிறேன். தெரிந்தவரை சொல்கிறேன்.

ஜிஎன்எம் முடித்தவர், திருச்சி: அக்கா, இது மெடிக்கல் கோடிங்தானே?

இல்லை. கோடிங் என்பது சிகிச்சை முடிந்த பிறகு கேஸ் ஷீட்டைப் படித்து, அதற்குரிய குறியீட்டைப் போடுவது. நம் வேலை நோயாளி கட்டிலில் இருக்கும்போதே தொடங்கிவிடும். நர்ஸ் எதை எந்தத் திரையில் பதிய வேண்டும், தப்பான மருந்தைக் கையில் எடுத்தால் மென்பொருள் எந்த இடத்தில் தடுக்க வேண்டும் என்று பார்ப்பதுதான் இது.

பி.எஸ்சி. மாணவி, சேலம்: இரண்டாம் செமஸ்டரில் இது பாடமாகவே இருக்கிறது. படித்து முடித்ததும் நேரே வரலாமா?

2021-இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் இதைச் சேர்த்தது நல்ல விஷயம். ஆனால் நேரே வராதீர்கள். குறைந்தது இரண்டு வருடம் வார்டு பாருங்கள். காலை எட்டு மணி மருந்து ரவுண்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை பேர் குறுக்கே வருகிறார்கள் என்று தெரியாதவர் வடிவமைக்கும் திரை யாருக்கும் உதவாது.

அந்த இரண்டு வருடத்திலேயே ஆரம்பிக்கலாம். உங்கள் மருத்துவமனையில் புது மென்பொருள் வருகிறது என்றால் ‘சூப்பர் யூசர்’ ஆக உங்கள் பெயரைக் கொடுங்கள். மற்றவர்களுக்குச் சொல்லித் தரும்போதுதான் அது எங்கே இடறுகிறது என்று புரியும். எக்செல் நன்றாக வரட்டும், அப்புறம் தரவுத்தளத்திலிருந்து விவரம் எடுக்கும் எஸ்க்யூஎல் மொழி. ஸ்னோமெட் சிடி (மருத்துவச் சொற்களுக்கான பொதுக் குறியீட்டுத் தொகுப்பு), எஃப்எச்ஐஆர் (மென்பொருள்கள் நோயாளி விவரத்தைப் பரிமாறிக்கொள்ளும் பொது முறை) இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்னோமெட்டை நடத்தும் சர்வதேச அமைப்பில் 2014 முதல் இந்தியா உறுப்பு நாடு என்பதால் அதை இங்கே இலவசமாகப் பயன்படுத்தலாம்.

வேலை தேடும்போது ‘நர்சிங் இன்ஃபர்மேட்டிக்ஸ்’ என்ற பெயரை மட்டும் தேடாதீர்கள். இம்ப்ளிமென்டேஷன், க்ளினிக்கல் அப்ளிகேஷன், ஈஎம்ஆர் (மின்னணு மருத்துவப் பதிவேடு) ட்ரெய்னர் என்றுதான் விளம்பரம் வரும்.

ஸ்டாஃப் நர்ஸ், கோவை: ஆறு மாதச் சான்றிதழ், வேலை உறுதி என்கிறார்கள். பணம் கட்டலாமா?

கட்டாதீர்கள். வேலை உறுதி என்று யார் சொன்னாலும் கட்டாதீர்கள்.

அமெரிக்கா போகும் திட்டத்தில் இருப்பவர்: அங்கே சான்றிதழ்?

அங்கே 1992-லேயே இதைத் தனிச் சிறப்புத் துறையாக ஏற்றுவிட்டார்கள். சான்றிதழ் தரும் ஏஎன்சிசி என்ற அமைப்பின் தேர்வை எழுத, அங்கே நர்ஸாக வேலை பார்ப்பதற்கான ஆர்என் உரிமம், இளநிலைப் பட்டம், இரண்டு வருட நர்ஸ் அனுபவம் வேண்டும். இதோடு, கடந்த மூன்று வருடத்தில் இந்தத் துறையில் 2,000 மணி நேரம் வேலை பார்த்திருக்க வேண்டும். முதுநிலைப் படிப்பு வழியாகவும் போகலாம். முதலில் உரிமத்தை முடியுங்கள்.

ஓய்வுபெற்ற இன்சார்ஜ் சிஸ்டர், நாகர்கோவில்: கம்ப்யூட்டர் வந்த பிறகு பிள்ளைகள் நோயாளியின் முகத்தையே பார்ப்பதில்லை. இதை நர்சிங் என்று சொல்லாதீர்கள்.

சிஸ்டர், உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் முடிவை நான் ஏற்கவில்லை. மருந்து கொடுக்கும் முன் நோயாளியின் கைப்பட்டையில் பார்கோடு ஸ்கேன் செய்கிறோமே, அந்த யோசனை 1990களில் அமெரிக்காவின் டொபீகா நகரில், படைவீரர் மருத்துவமனை நர்ஸ் சூ கின்னிக்குக்கு வந்தது. வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில் ஊழியர் காரை ஸ்கேன் செய்ததைப் பார்த்தார். காருக்குச் செய்வதை மருந்துக்கும் செய்யலாமே என்று கேட்டார். அது நர்ஸின் கேள்விதானே?

ஐசியு நர்ஸ், சென்னை: மன்னிக்கணும், சிஸ்டர் சொல்வதுதான் சரி. ஒரு டோஸுக்கு ஏழு திரை தாண்டுகிறேன்.

தம்பி, அப்படியென்றால் திரையைத்தான் திருத்த வேண்டும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், மருந்து ட்ராலியின் பக்கவாட்டில் பத்துப் பன்னிரண்டு கைப்பட்டை நகல்கள் ஒட்டியிருந்தன. நோயாளியிடம் போகாமல் அங்கேயே ஸ்கேன் செய்தார்கள். நிர்வாகம் மெமோ கொடுக்கச் சொன்னது. நான் ஒரு ராத்திரி ட்யூட்டி முழுக்க அவர்களோடு நின்றேன். ஸ்கேனரின் வயர் சுவரோரக் கட்டில்களுக்கு எட்டவில்லை! வயர் இல்லாத ஸ்கேனர் வந்ததும், நகல்களை அவர்களே கிழித்துப் போட்டார்கள். அந்த வயரைக் கவனிக்க வார்டில் நின்றவர் வேண்டும். அதனால்தான் சிஸ்டர், உங்களைப் போன்றவர்கள் மென்பொருள் வாங்கும் கமிட்டியில் உட்கார வேண்டும் என்கிறேன்.

மூன்று பேர்: எந்த கோர்ஸ் நல்லது?

என்னென்ன கற்க வேண்டும் என்று மேலே சொல்லிவிட்டேன். படித்துப் பாருங்கள்.

இன்னொருவர்: வேலை உறுதியோடு ஆன்லைன் கோர்ஸ்…

கட்டாதீர்கள்.

கிராம சுகாதார செவிலியர், தர்மபுரி: தமிழக அரசின் கர்ப்பிணிப் பதிவுத் தளமான பிக்மியில் கர்ப்பிணிகள் விவரம் பதிகிறேன். இதெல்லாம் அனுபவமாகுமா?

கட்டாயம் ஆகும். இன்று வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். நீங்கள் பதியும்போது கிடைக்கும் எண் இல்லாமல் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழே சிக்கலாகிறது. ஒன்று செய்யுங்கள். எந்த விவரத்தை முதலில் நோட்டில் எழுதிவிட்டு அப்புறம் கணினியில் ஏற்றுகிறீர்கள், ஏன் என்று ஒரு மாதம் குறித்து வையுங்கள். சிக்னல் இல்லையா, கட்டம் பொருந்தவில்லையா, வீட்டில் மாமியார் பக்கத்தில் இருந்ததால் அந்தப் பெண் சொல்லவில்லையா? அந்தப் பக்கங்களை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.