தேசவழமை என்றால் என்ன? அது ஏன் எழுத்தில் வந்தது?

யாழ்ப்பாணத் தமிழரிடையே சீதனம், வாரிசுரிமை, ஈடு முதலியவற்றில் நெடுங்காலமாகக் கைக்கொள்ளப்பட்டு வந்த வழக்கங்களின் தொகுப்பே தேசவழமை ஆகும். ஊர்ப் பெரியோரின் நினைவில் மட்டும் இருந்த இவற்றை, தம்மிடம் வந்த வழக்குகளைத் தீர்க்க வேண்டியிருந்த, அப்போது யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர் (டச்சுக்காரர்), கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரியைக் கொண்டு 1707 இல் எழுதுவித்தனர். பன்னிரண்டு முதலியார்கள் (உள்ளூர்த் தலைமை அதிகாரிகள்) அதைப் பார்வையிட்டு ஏற்றனர். இது பங்குக் கிணற்றின் கதை போன்றது. அங்கே இறைப்பு முறை யாருக்கு எந்நாள் என்பது பங்காளர் எல்லோருக்கும் தெரியும். பிணக்குத் தீர்க்க வெளியாள் வரும்போதுதான் அதை எழுதிக் காட்ட வேண்டியிருக்கும்.

வழிவழி வந்த முதுசம், பெண்ணுக்குக் கொடுக்கும் சீதனம், மணவாழ்வில் ஈட்டிய தேடியதேட்டம் எனச் சொத்தை மூன்றாக வகுப்பது இதன் அடித்தளம். பிரிக்கப்படாத காணியில் ஒருவர் தம் பங்கை விற்கும்போது, அதை வாங்கும் முன்னுரிமை மற்றப் பங்காளருக்கு உண்டு. மணமான பெண் தன் சீதனக் காணியையே கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்க முடியாது என்ற விதியை மாணவர்கள் மனனம் செய்து கடந்துவிடாமல், அது நீதியானதா என்று கேட்டே படிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இலங்கைத் தமிழர் அனைவருக்கும் இச்சட்டம் பொருந்தும் எனப் பலர் கருதுகின்றனர். ஆனால் வாரிசுரிமையில் இது வடமாகாணத்தில் நிரந்தர வதிவுடைய தமிழரையே ஆளும், மட்டக்களப்புத் தமிழர் பொதுச் சட்டத்தின் கீழ் வருவர்.